சாக்கடை தரும் முன்னெச்சரிக்கை

போலியோ தொற்றிய 100 பேரில் ஒருவருக்குக்கூடக் கை கால் முடங்குவதில்லை. பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. ஆனால் பல வாரங்கள் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். ஒரு குழந்தை முடங்கிய பிறகு விழித்துக்கொண்டால், அதற்குள் எத்தனையோ பேருக்குப் பரவியிருக்கும். அதனால்தான் உலகெங்கும் பல நகரங்களில் சாக்கடை நீரைச் சோதிக்கிறார்கள்.

எப்படி? கழிவுநீரைச் செறிவாக்கி, ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் விடுவார்கள். வைரஸ் இருந்தால் பெருகிச் செல்களை அழிக்கும். அதன் மரபணு வரிசையைப் படித்தால், எவ்வளவு காலமாகப் பரவுகிறது என்றுகூடக் கணிக்கலாம்.

2022இல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டதும், 1 முதல் 9 வயதுவரையிலான குழந்தைகளுக்குக் கூடுதல் தடுப்பூசி போட்டார்கள். அங்கே யாரும் முடங்கவில்லை. 2024இல் காசாவிலும் கழிவுநீர்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஆனால் போருக்கு நடுவே சொட்டு மருந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு கைக்குழந்தையின் கால் முடங்கிவிட்டது.