வலி வரும் முன்பே மாத்திரை தருவது ஏன்?

புற்றுநோயாளி அமைதியாகப் படுத்திருக்கிறார். "இப்போ வலி இல்லம்மா" என்கிறார். ஆனாலும் செவிலியர் மார்ஃபின் மாத்திரையைத் தருகிறார். ஏன்?

உங்கள் வீட்டு மேல்தொட்டியை நினைத்துப் பாருங்கள். குழாயில் தண்ணீர் நின்ற பிறகு மோட்டார் போட்டால், தொட்டியில் ஏறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். முன்கூட்டியே போட்டால் தடையே இல்லை.

மருந்தும் அப்படித்தான். சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலையைத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். சுமார் 4 மணி நேரம் தாங்கும். ரத்தத்தில் அதன் அளவு இறங்குவதற்குள் அடுத்த வேளை மாத்திரை உள்ளே போக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 1986 வழிகாட்டியும் நேரம் பார்த்துத் தரவே சொன்னது.

இந்த முறையைப் பரவச் செய்தவர் லண்டனின் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக இருந்து மருத்துவரான அவர், 1967-இல் தீராத நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார்.

மருந்தை மருத்துவர்தான் எழுதித் தருகிறாரே, அதை நேரம் பார்த்துக் கொடுக்கச் செவிலியருக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?

இரவும் பகலும் அருகில் இருப்பவர் அவர்தான். 'நோயாளி மருந்துக்கு அடிமையாகிவிடுவாரோ' என்று அவர் பயந்தால், மாத்திரை தள்ளிப்போகும். வலி முந்திக்கொள்ளும்.

பயிற்சி அந்தப் பயத்தைப் போக்குகிறது. "0 முதல் 10 வரை, உங்கள் வலி எவ்வளவு?" என்று கேட்கப் பழக்குகிறது. பேச முடியாதவரின் நெற்றிச் சுருக்கத்தையும் முனகலையும் படிக்கச் சொல்லித்தருகிறது. மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கு முன்கூட்டியே மருந்து, அளவு மீறிய தூக்கமோ மூச்சு மந்தமோ தெரிந்தால் உடனே மருத்துவருக்குத் தகவல். இவையும் அதில் அடக்கம்.

உங்கள் வீட்டில் யாராவது வலியால் தவித்தால், "பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள். செவிலியரிடம் சொல்லுங்கள்.