ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்!

'எனக்குத் தங்கம் செய்யத் தெரியும்' என்று ஒருவன் சொன்னால், நம் ஊரில் முதலில் கூட்டம் கூடும், அப்புறம் போலீஸ் வரும். ஜெர்மனியில் 1701-ல் அப்படிப் பீற்றிக் கொண்ட பெட்கர் என்ற மருந்துக்கடைப் பையனை, சாக்ஸனியை ஆண்ட ராஜா அகஸ்டஸே பிடித்து அடைத்துவிட்டார். "செய்டா தங்கம்!"

அகஸ்டஸுக்கு இரண்டு வியாதி. ஒன்று, பணமுடை. இன்னொன்று, சீனப் பீங்கான் பைத்தியம். 1717-ல் பிரஷ்ய ராஜாவிடமிருந்து 151 பீங்கான் சாமான்களை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு 600 போர் வீரர்களை அனுப்பி வைத்தார் என்றால் பாருங்கள். (நான் பி.காம். வகுத்துப் பார்த்துவிட்டேன். சுமாராக ஒரு ஜாடிக்கு நாலு சோல்ஜர்!)

தங்கம் வரவில்லை. ஆனால் சிர்ன்ஹவுஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து மண்ணைக் குழைத்துச் சுட்டதில், சீனர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த வெள்ளைப் பீங்கான் ரகசியம் 1708-ல் பிடிபட்டது. 1710-ல் மைசன் என்ற ஊரில் தொழிற்சாலை. அசல் பீங்கானுக்கு ஐரோப்பாவில் அதுதான் பிள்ளையார் சுழி.

'அது சரி, தஞ்சாவூர் ஜில்லாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்பவர்களுக்கு: பெட்கர் அடைபட்டுக் கிடந்த அதே நாட்களில், அதே சாக்ஸனியின் புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர் ஒருவர் நம் தரங்கம்பாடியில் உட்கார்ந்து அ, ஆ படித்துக் கொண்டிருந்தார். 1706-ல் கப்பலில் வந்து இறங்கிய சீகன்பால்கு. தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து 1620-ல் டேனிஷ்காரர்கள் பெற்ற ஊர் அது. பெட்கர், சீகன்பால்கு இருவரும் பிறந்தது 1682. இருவரும் போய்ச் சேர்ந்தது 1719, ஒரே மாத இடைவெளிக்குள்! ஒருவர் தமிழில் பைபிளின் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார். இன்னொருவர் களிமண்ணைக் காசாக்கினார்.

ஜெர்மன் பீங்கான் நம் வீடுகளுக்கு வந்தது ரொம்பப் பிற்பாடு. ரவிவர்மா படங்களின் பாணியில் கிருஷ்ணர், சரஸ்வதி பொம்மைகளை நமக்கென்றே செய்து கப்பலில் அனுப்பினார்கள் ஜெர்மன்காரர்கள். செட்டிநாட்டு வீடுகளில் கொலுவிருந்தவை பல, காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்தன. காவிரிக் கரை மிராசுதார் வீடுகளுக்கு வந்தது பூ ஜாடி.

அப்படி ஒன்றை நன்னிலம் பக்கம் நண்பன் வீட்டில் பார்த்தேன். பாகப் பிரிவினைக்காகப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர். நஞ்சை, தேக்கு ஊஞ்சல், வெண்கல உருளி வரை பிரித்தாகிவிட்டது. கூடத்து மூலையில் இருந்த ரோஜாப்பூ ஜாடி மட்டும் யாருக்கும் வேண்டாம். உள்ளே மயிலிறகு, குடைக்கம்பி, என்றோ கட்டிய வரி ரசீது.

வாசலில் பழைய சாமான் வியாபாரி. "ஐந்நூறு ரூபா. கூட ஒரு எவர்சில்வர் குடம்."

"கொடுத்துடலாம்" என்றார் நண்பனின் பெரியப்பா.

"ஒரு நிமிஷம் பெரியப்பா, கவிழ்த்துப் பார்த்துடறேன்."

"அடியில என்ன தம்பி இருக்கப் போவுது?" என்றார் வியாபாரி, கொஞ்சம் அவசரமாக.

சார், அடியில்தான் எல்லாமே இருக்கிறது! நீல நிறத்தில் இரண்டு வாள் குறுக்காக இருந்தால் மைசன் முத்திரை. ஆனால் அதைக் காப்பியடித்தவர்கள் ஏராளம், உடனே துள்ளக் கூடாது. ஆங்கிலத்தில் 'ஜெர்மனி' என்றிருந்தால் பெரும்பாலும் 1887-க்குப் பிந்தியது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைப் போடச் சொல்லும் சட்டம் பிரிட்டனில் அந்த வருஷம்தான் வந்தது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம். அதைப் போய் 'சரபோஜி காலத்து ஜாடி' என்று யாராவது விற்றால், காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, லென்ஸ். பூ முழுக்கப் பொடிப் பொடிப் புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. தூரிகை இழுத்த தடம் தெரிந்து, ஒரு ரோஜா மாதிரி இன்னொரு ரோஜா இல்லாவிட்டால் கைவேலை. விரலால் மெல்லச் சுண்டினால் 'கணீர்' என்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் விரிசல். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டினால், ஒட்டுப் போட்ட இடம் பல சமயம் தனி நிறத்தில் காட்டிக் கொடுத்துவிடும்.

நம் ஜாடியில் வாள் இல்லை, 'ஜெர்மனி' இருந்தது. ரோஜா கைவேலை. "எங்க தாத்தா 1910 வாக்குல வாங்கினது" என்றார் பெரியப்பா. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை வாங்கி விற்க லைசென்ஸ் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது என்கிறது 1972-ம் வருஷச் சட்டம். "லைசென்ஸ் இருக்காண்ணே?" என்றேன். வியாபாரி குடத்தோடு கிளம்பிவிட்டார்.

அப்புறம்தான் வேடிக்கை. திடீரென்று மூன்று பேருக்கும் ஜாடிமேல் சின்ன வயசிலிருந்தே ஆசையாம்!

சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல். கணவர் போனபின் பிறந்த வீட்டோடு வந்துவிட்ட அத்தை. "நாப்பது வருஷமா அதைத் துடைக்கிறவ நான். உனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலையே அண்ணே?"

கூடம் கப்சிப். பத்திரத்தை வாங்கி அடிவரை படித்தேன். அத்தை பெயர் எங்குமே இல்லை. 2005-ம் வருஷத் திருத்தத்தின்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று மெதுவாகச் சொன்னேன். பெரியப்பா பேனாவை மூடிப் பையில் வைத்தார். "வக்கீலை மறுபடி வரச் சொல்லு."

முணுமுணுப்பே இல்லாமல் முடிந்தது என்றால் பொய். ஆனால் கடைசியில் கையெழுத்தானது நாலு பங்குப் பத்திரம். ஜாடி, அத்தை பங்கில்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஜாடி இருக்கலாம். புளி, பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், விளிம்புத் தங்கப் பூச்சு போய்விடும். மெல்லிய பருத்தித் துணி போதும். விற்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் ஜாடியோ பத்திரமோ, அடிவரை பார்க்காமல் கை மாற்றாதீர்கள். ஜாடியைக் கவிழ்க்கும்போது மட்டும் இரண்டு கையாலும் பிடியுங்கள்.

நாலு சோல்ஜர் சமாசாரம், சார்!