நீடித்த செயற்கைச் சுவாசமும் அதன்பின் உடலும்: கடும் இன்ஃபுளுயன்சா நோயும் பழவேற்காட்டு மீனவர் உழைப்பும்

திறவுச்சொற்கள்: இன்ஃபுளுயன்சா, வென்டிலேட்டர், உதரவிதானம், தசை நலிவு, பழவேற்காடு, பாடு முறை

முன்னுரை

2009ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் ஹெச்1என்1 இன்ஃபுளுயன்சாவைப் பெருந்தொற்றாக அறிவித்தது. இந்தியாவின் முதல் தொற்று அதற்கு முந்தைய மாதமே ஹைதராபாத்தில் கண்டறியப்பட்டிருந்தது. ‘பன்றிக் காய்ச்சல்’ என்று மக்கள் வழக்கில் நிலைத்த அந்நோயில் இறந்தோர் எண்ணப்பட்டனர். வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் கிடந்து பிழைத்தோர் ‘குணமடைந்தோர்’ பட்டியலில் சேர்ந்தனர். உடலுழைப்பையே முதலாகக் கொண்ட பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவரிடத்தில் அச்சொல் எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நுரையீரலில் நிகழ்வது

பெரும்பாலோரிடம் இன்ஃபுளுயன்சா மேல் மூச்சுப்பாதையோடு நின்றுவிடுகிறது. சிலரிடம் மட்டும் வைரஸ் காற்று நுண்ணறைகளின் சுவர்ச் செல்களை அழிக்கிறது. சுவர் கசிந்து, புரதம் செறிந்த நீர் நுண்ணறைகளை நிரப்புகிறது. ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்க இயலாத இந்நிலையை மருத்துவர் ஏஆர்டிஎஸ் என்பர். பாக்டீரியா நிமோனியாவும் உடன்சேர்ந்தால் நோய் மேலும் நீளும்.

வென்டிலேட்டர் இந்நோயைத் தீர்ப்பதில்லை. நுரையீரல் தானே ஆறுவதற்குக் காலம் பெற்றுத் தருகிறது. அக்காலத்தில் கருவியே நுரையீரலுக்குக் கேடு செய்யவும் கூடும். நீர் நிரம்பிய நுரையீரலில் காற்றை ஏற்கும் பகுதி சிறிது. இயல்பான நுரையீரலுக்கு உரிய அளவில் காற்றைச் செலுத்தினால் அப்பகுதி மிகையாக விரிந்து சிதையும். உடல் எடையில் கிலோவுக்கு 12 மி.லி. என்ற அளவை 6 மி.லி. ஆகக் குறைத்தபோது இறப்பு விழுக்காடு 39.8இலிருந்து 31 ஆகக் குறைந்ததை 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. இங்கு எடை என்பது தராசு காட்டும் எடையன்று, உயரத்திலிருந்து கணிக்கப்படுவது. 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு அது ஏறத்தாழ 61.5 கிலோ, எனவே ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 370 மி.லி. போதும். நோயாளியை நாள்தோறும் நீண்ட நேரம் குப்புறப் படுக்கவைக்கும் முறை, கடும் ஏஆர்டிஎஸ் நோயாளரின் 28 நாள் இறப்பை 32.8 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்ததைப் பிரான்சிலும் ஸ்பெயினிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

எத்தனை நாள்?

2009ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் சேர்ந்த 722 ஹெச்1என்1 நோயாளரின் இடைநிலை வயது 40. குடும்பத்தைத் தாங்கும் வயது அது. கருவி பொருத்தப்பட்டோர் அதில் இருந்த காலத்தின் இடைநிலை 8 நாள். கனடாவின் 168 நோயாளரை ஆராய்ந்தோர் 12 நாள் என்றனர். இடைநிலை 12 என்றால் பாதிப்பேர் அதற்கும் மேல் கருவியில் இருந்தனர் என்பதே பொருள். நாள்கள் நீளும்போது வாய்வழிக் குழாயை அகற்றிக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவர். இதுவே டிராக்கியோஸ்டமி. நாளொன்றுக்கு 6 மணிநேரத்திற்குக் குறையாமல் 21 நாள் கருவி தேவைப்படுவதை ‘நீடித்த செயற்கைச் சுவாசம்’ என 2005ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் கூட்டம் ஒன்று வரையறுத்தது.

கருவி உழைக்க, தசை ஓய்கிறது. மூச்சின் முதன்மைத் தசையாகிய உதரவிதானம் கருவியின் ஆதரவில் செயலற்றிருந்தால், 18 முதல் 69 மணிநேரத்திலேயே அதன் தசையிழைகளின் குறுக்குப் பரப்பு பாதிக்கும் மேல் சுருங்கிவிடுவது 2008இல் மூளைச்சாவு அடைந்தோரிடம் செய்த ஆய்வில் தெரிந்தது. கருவியிலிருந்து விடுவிப்பது ஏன் கடினமாகிறது என்பதற்கு இதுவும் ஒரு விடை. கைகால் தசைகளும் உடன் நலிகின்றன. டொரண்டோவில் ஏஆர்டிஎஸ்ஸிலிருந்து பிழைத்த 109 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஓராண்டில் வேலைக்குத் திரும்பியோர் 49 விழுக்காட்டினரே. ஐந்தாண்டுக்குப் பின் நுரையீரல் இயல்பை நெருங்கியிருந்தது. ஆயினும் ஆறு நிமிட நடைத் தொலைவு எதிர்பார்க்கப்படும் அளவில் 76 விழுக்காடே. நுரையீரல் நோயால் படுத்தவரை ஊனப்படுத்தியது பெரும்பாலும் நுரையீரல் அன்று என்பது இவ்வாய்வின் முதன்மையான செய்தி.

பழவேற்காட்டில்

திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் மரபு ‘பாடு’ எனப்படுகிறது. உழைப்பையும் துன்பத்தையும் கடற்கரை வழக்கில் மீன்வரத்தையும் ஒருசேரக் குறிக்கும் சொல் அது. ஒருவருக்குரிய முறைநாளில் அவர் குழுவோடு நீரில் இறங்கி வலையிழுக்க வேண்டும். வலுவிழந்த தோள் அந்நாளைப் பயன்கொள்ள இயலாது.

காலமும் ஒத்துவருகிறது. இந்தியாவின் பல நகரங்களில் இன்ஃபுளுயன்சா தென்மேற்குப் பருவமழையில் உச்சமடைய, சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையின் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே உச்சமடைவதை மருத்துவக் கண்காணிப்பு ஆய்வு காட்டியுள்ளது. மழைவெள்ளத்தால் முகத்துவாரம் அகன்று ஏரிக்கும் கடலுக்கும் நீர்வழி பெருகும் பருவமும் அதுவே. ஆகவே தடுப்பூசியின் காலத்தை வட இந்திய நாள்காட்டியைக் கொண்டு கணிப்பது இப்பகுதிக்கு ஏற்றதன்று.

சிகிச்சையின் முற்பகுதிக்கு வழிகள் உள்ளன. 108 அவசர ஊர்தி 2008 முதல் இயங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இல் வந்தது. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பிற்பகுதிக்கு, 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவம் அளிக்கும் கூறு உள்ளது. தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்புவோரின் பெயர் அன்றே இத்திட்டப் பணியாளரைச் சென்றடைய வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. புதிய நிதியைவிட இரு பதிவேடுகளை இணைப்பதே இதற்கு முதலில் தேவை.

மீட்சியை அளக்கும் கருவியும் மாற வேண்டும். ஆறு நிமிட நடைச் சோதனை மருத்துவமனையின் சமதளக் கூடத்தில் நடத்தப்படுவது. இடுப்பளவு நீரில், கால் புதையும் சேற்றில் நின்று வலையிழுப்பவரின் தோளையும், நீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் விரலையும் முதுகையும் அது அளப்பதில்லை. அவர்களை அளக்க, வலைக்கயிற்றை எத்தனை பாகம் இழுக்க முடிகிறது, குனிந்த நிலையில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பவற்றைக் கரையிலேயே சோதித்துக் குறிக்க வேண்டியிருக்கும்.