ஒண்ணுக்கு ரெண்டு ஹெரால்டு!

பழைய காரைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது... ஒரு கார் வாங்கினால் போதாது. ரெண்டு வேண்டும்! ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று அதற்கு உறுப்பு தானம் செய்வதற்கு. இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள். "இருக்கிற ஓட்டை வண்டிக்குத் துணைக்கு இன்னொரு ஓட்டையா?" என்று ஒரு குரல் வரும். என் வீட்டில் வந்தது.

நான் கையில் எடுத்தது சித்தப்பாவின் 1966-ம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு. இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான், 1961-லிருந்து நம்ம சென்னையில் தயாராகி ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. படம் போட்டவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். பானெட்டைத் திறந்தால் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். என்ஜினுக்குப் பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்!

முதல்முறை கை வைக்கிறவர்களுக்கு இந்த வண்டி ஒரு வரம். ஃபியட்டில் பாடியும் சேஸிஸும் ஒரே பிண்டம். ஹெரால்டில் சேஸிஸ் தனி, அதன் மேல் பாடி தனி. அந்தப் பாடியும் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியது. ஆகவே தானக் காரிலிருந்து எடுக்க கட்டர் தேவையில்லை, ஸ்பேனர் போதும் (துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாள் ராத்திரியே ஆயில் விட்டு ஊறப்போடுங்கள்).

தானக் கார் தேடியபோது முதலில் மலிவாக வந்தது ஒரு கெஸல். 1972-லிருந்து 77 வரை அதே கம்பெனி தயாரித்த கார். எனக்கு ஷெட் கொடுத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, என்ஜின் அதே 948 சி.சி.தான். ஆனா பின் ஆக்ஸில் வேற, கதவு நாலு. பாதி சாமான் உங்களுக்கு ஆவாது." அதே மாடல், கூடியவரை அதே வருஷம். இதில் சமரசமே கூடாது.

கடைசியில் திண்டிவனம் பக்கம் ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் வீட்டுக் கொட்டகையில் கிடைத்தது. மேலே கோழிகள். உள்ளே முட்டை! காந்தத்தை எடுத்து பாடி முழுக்க வைத்துப் பார்த்தேன். ஒட்டினால் தகரம், நழுவினால் பட்டி. கதவுகள் பட்டி; பானெட் தகரம். ஸாருக்கு விற்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் இடமில்லை. "இது ஓடாதுன்னு தெரியும். இதுல எதாவது ஓடுமில்ல?" என்று கேட்டார். ஓடும் ஸார் என்றேன்.

ஷெட்டில் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தியபோதுதான் சிக்கல். சித்தப்பா வண்டியின் சேஸிஸில், பாடியைத் தாங்கும் பக்கக் கைகள் அப்பளமாக உதிர்ந்தன. ஹெட்மாஸ்டர் வண்டியிலோ கெட்டி. "பேசாம உங்க பாடியைத் தூக்கி அது மேல உக்கார வெச்சிருவோம், வேலை சீக்கிரம் முடியும்" என்றார் அண்ணன். சுலபம்தான். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது சேஸிஸ் நம்பர். மாற்றினால் சட்டப்படி அது சித்தப்பா வண்டி இல்லை. அவர் சட்டையைப் போட்டுக்கொண்ட ஹெட்மாஸ்டர் வண்டி!

எழுபத்தெட்டு வயது சித்தப்பாவை ஆட்டோவில் அழைத்து வந்தேன். குனிந்து, துணியால் துடைத்து, நம்பரைத் தடவிப் பார்த்தார். "மேல இருக்கிறதெல்லாம் எத்தனையோ தடவை மாத்தினதுடா. ஒங்க சித்தியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது இதுதான்" என்று சேஸிஸைத் தட்டினார். அதோடு விவாதம் முடிந்தது.

அந்த வண்டியின் நல்ல கைகளை வெட்டி, இதில் வெல்டிங் வைத்தோம். நாள் கூடியது, செலவும் கூடியது. பி.காம். படித்தவன் கணக்கில் இதற்கு என்ன தலைப்பு கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டு எச்சரிக்கை. தானக் காரை வாங்கிய உற்சாகத்தில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்காதீர்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்பதற்கு அதுதான் கைடு. கழற்றும் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, கவரில் போட்டு, பேர் எழுதுங்கள். அடுத்தது காகிதம். என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். தானக் காரின் ஆர்.சி.யையும் ஒப்படைத்து ரத்து செய்யணும். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' என்று தனி வரிசை நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அதில் தினம் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க... அவ்வளவுதான். சித்தப்பா வண்டி பழைய நம்பரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஹெட்மாஸ்டர் காரில் இப்போது பாதிதான் மிச்சம். அதன் என்ஜின் பெஞ்சின் மேல் இருக்கிறது, ரீபோருக்குப் போகணும். பானெட்டை இங்கே மாட்டியாகிவிட்டது. பெயின்ட் அடித்ததும் திண்டிவனத்துக்கு ஓட்டிப்போய்க் காட்டுவதாக ஸாரிடம் சொல்லியிருக்கிறேன். கோழிகளை அதற்குள் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவதாக அவரும் சொல்லியிருக்கிறார்.