பெருந்தொற்றுக் காலமும் இளையோரின் புற்றுநோயும்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் எமது தமிழ்ப் பாடசாலையின் கதவுகள் பூட்டிக் கிடந்தன. நாமோ கணினித் திரையின் முன்னிருந்து உயிரெழுத்துக் கற்பித்துக்கொண்டிருந்தோம். அதே மாதத்தில் இங்கிலாந்து எங்கும், புற்றுநோயோ என ஐயுற்றுக் குடும்ப வைத்தியர்கள் நிபுணர்களிடம் அவசரமாக அனுப்பியோரின் தொகை, முந்திய ஆண்டின் ஏப்ரலிலும் பார்க்க ஏறத்தாழ 60 வீதம் குறைந்தது. நோய் குறைந்துவிட்டதா? இல்லை, நோயைக் கண்டறிவதே குறைந்தது.

இதில் இளையோரின் நிலை வேறானது. இந்நாட்டில் மார்பகப் பரிசோதனைக்கும் பெருங்குடற் பரிசோதனைக்கும் ஐம்பது வயதை அண்டிய பின்னரே அழைப்புக் கடிதம் வரும். இளவயதினருக்கு முறையாக அழைப்பு வருவது, பெண்களுக்கான கருப்பைக் கழுத்துப் பரிசோதனை ஒன்றுக்கே. எனவே இருபது, முப்பது வயதினரின் நோய், அவர்களாக உணர்ந்து வைத்தியரிடம் சொன்னாலன்றிப் பெரும்பாலும் வெளிப்படாது. பெருந்தொற்றில் ஒடுங்கிப்போனது அந்த வாயிலே.

நேரிற் பார்ப்பதற்குப் பதிலாகத் தொலைபேசி வந்தது. கழுத்தில் திரண்ட கட்டியைத் தொலைபேசி தொட்டுப் பார்க்குமா? இளையோரிடம் காணப்படும் ஹொட்ஜ்கின் எனும் நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் அத்தகைய நோவற்ற கட்டியாகவே தொடங்கும். சிலருக்கு இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, களைப்பு ஆகியனவும் இருக்கும். அந்நாளில் இருமலென்றால் கொரோனா என்றே எவரும் எண்ணினர்.

தாமதத்தின் விலை சிறிதன்று. ஏழு வகைப் புற்றுநோய்களை ஆராய்ந்து 2020 நவம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான கட்டுரையொன்று, சிகிச்சை நான்கு வாரம் பிந்தினாலே இறப்பு ஆபத்து 6 முதல் 13 வீதம் வரை கூடலாம் எனக் காட்டியது. ஹொட்ஜ்கின் நோய் பெரும்பாலும் குணமாக்கத்தக்கதே. ஆயினும், முற்றிய பின் கண்டால் மருந்தின் அளவும் அதன் துன்பமும் கூடும்.

எமது வீடுகளில் மற்றுமொரு கதவும் உண்டு. எம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் அவ்வாண்டுக் கோடையில் தம் கழுத்துக் கட்டியை மூன்று மாதம் மறைத்து வைத்திருந்தார். “அம்மா ஏற்கெனவே பயந்துபோயிருந்தா, சேர்” என்றார் பின்னர். அப்பம்மாவின் மருந்துக்கும் தந்தையின் நீரிழிவுக்கும் வைத்தியருடன் ஆங்கிலத்தில் பேசிக் கொடுத்த பிள்ளை, தமக்காக ஒருமுறையேனும் அழைக்கவில்லை. உடன் வேலைசெய்த தோழி வற்புறுத்திய பின்பே சென்றார். கட்டியிலிருந்து துண்டெடுத்துச் சோதித்தனர். பின்னர் ஆறு மாதம் மருந்தேற்றினர். இன்று நலமாயிருக்கிறார், அவர் சம்மதத்துடனேயே இதனை எழுதுகிறோம். தாயார் மட்டும் அந்நோயின் பெயரை இன்றும் வாயால் சொல்வதில்லை. ‘அந்த வருத்தம்’ என்பார்.