வானவழித் தூரங்கள் – 6: மதுரையைவிடப் பக்கத்தில் யாழ்ப்பாணம்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு வானவழித் தூரம் சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலிக்கோ சுமார் 355 கிலோமீட்டர்தான். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். மீனம்பாக்கமும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. சென்னையில் கிளம்பி நேர் தெற்கே பறந்தால் பலாலி.

இந்தத் தடத்தில் பறப்பது ஏ.டி.ஆர். 72 விமானம். விசிறி பொருத்திய அந்தச் சிறிய விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் செல்லக்கூடியது. கணக்குப் போட்டால் முக்கால் மணி நேரம்கூட ஆகக் கூடாது. கால அட்டவணையோ ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டிக் காட்டுகிறது.

காரணம், விமான நிறுவனங்கள் பறக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. நின்றிருக்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அதை உருவியதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்போதுதான் நிற்கிறது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்கு வழிவிடுவது, மேலேறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். இவ்வளவு குறுகிய தூரத்தில், மேலேறி நிதானத்துக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். பெரிய ஜெட் விமானத்தை விட்டாலும் மிச்சமாவது சில நிமிடங்களே.

மணிக்கணக்கில், நாள்கணக்கில் நேரத்தைத் தின்றது வேறொன்று.

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியபோது, இரத்மலானையில் கிளம்பிய டக்கோட்டா விமானம் இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. பிறகு இலங்கை உள்நாட்டுப் போர் வந்தது. பலாலி ராணுவத் தளமானது. சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. தனுஷ்கோடியைப் புயல் அழித்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிக்கொண்டிருந்த கப்பலும் 1984-இல் நின்றது.

அதன்பின் யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்கு வர, முதலில் எதிர்த் திசையில் தெற்கே போக வேண்டியிருந்தது. தரைவழியே சுமார் 400 கிலோமீட்டர் கடந்து கொழும்பு; அங்கிருந்து கட்டுநாயக்க விமான நிலையம்; பிறகு வந்த திசையிலேயே வடக்கே 645 கிலோமீட்டர் பறந்து சென்னை. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்திருந்த நல்ல காலத்திலேயே பொழுது முழுக்கப் போய்விடும். பாதை மூடிக்கிடந்த ஆண்டுகளில் நோயாளியை அழைத்துவர நினைத்தவர்களின் பாட்டைச் சொல்லி மாளாது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. நான்கே மாதத்தில் கொரோனா அதை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் பறந்தார்கள். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. 2025 மார்ச் இறுதியிலிருந்து திருச்சிக்கும் விமானம் உண்டு. அது இன்னும் பக்கம், 185 கிலோமீட்டருக்குள்.

பெரிய விமானங்கள் வர வேண்டுமானால் பலாலி ஓடுபாதை வளர வேண்டும். அது வளர நிலம் வேண்டும். மயிலிட்டி, பலாலி, வயாவிளான் பகுதிகளில் போரின்போது வெளியேற்றப்பட்டவர்களில் பலருடைய காணிகள் விடுவிக்கப்பட்டன, எல்லாருடையதும் அல்ல. எஞ்சியவர்கள் தங்கள் வீட்டையும் தோட்டத்தையும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓடுபாதையை நீட்டும் எந்தத் திட்டமும் முதலில் அவர்களோடு பேசித்தான் தொடங்க வேண்டும்.