'க்யூ' உண்டு, 'யு' இல்லை

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று. அதில் 'க்யூ' வரவேண்டும். 'குயின்', 'குயிக்' என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். 'யு' மட்டும் வரலாகாது என்று பிள்ளைகள் நிபந்தனை கூட்டினால்தான் திகைத்துப்போவோம். ஆங்கிலத்தில் 'க்யூ'வை 'யு' நிழல்போல் தொடர்கிறது. தொடராத சொற்கள் பெரும்பாலும் பிறமொழிகளிலிருந்து வந்தவை. அரபுமொழி தந்த 'ஃபகீர்' அவற்றுள் ஒன்று: எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர். நம் ஊர்களில் 'பக்கிரி' என வழங்குவதும் அதுவே!

இத்தேடலில் சொல்வளத்தைவிட எழுத்துகளின் பழக்கவழக்கத்தை அறிவதே பெரிதும் உதவும். அதை எண்ணியே கண்டவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த அவர், செய்தித்தாளை விரித்துவைத்து ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறதென்று கணக்கிட்டார். அக்கணக்கில் பிறந்ததே 'ஸ்க்ராபிள்' விளையாட்டு. அதன் 100 வில்லைகளில் 'இ' 12. 'க்யூ' ஒன்றே ஒன்று, அதன் மதிப்போ 10. அடிக்கடி வரும் 'எஸ்' எழுத்துக்கு 4 வில்லைகளே தந்தார். இல்லையேல் எல்லாரும் பன்மையாக்கியே வென்றுவிடுவரன்றோ! விளையாட்டுப்பொருள் நிறுவனங்கள் அவரைத் திருப்பியனுப்பின. 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டி விற்கலானார். 1950களில்தான் விற்பனை பெருகிற்று; பட்ஸ் வேலையிழந்து அப்போது ஏறத்தாழ 20 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஈரான் நாட்டு நிலத்தடி நீர்க்கால்வாயின் பெயரும் நம் ஐந்தெழுத்து நிபந்தனைக்குள் அடங்கும். 'க்யூ'விலேயே அது தொடங்குகிறது. பிள்ளைகள் இன்றிரவு தேடட்டும்.